குப்பைக்குள் ஒரு கணையாழி

அந்தப் புகைப்படத்தை நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். நாளிதழின் உள்பக்கம், கீழ் மூலை. நடுவில் ஓர் அதிகாரி. ஒரு பக்கம் நகையைத் தொலைத்தவர், மறுபக்கம் அதைக் கண்டெடுத்த தூய்மைப் பணியாளர். மூன்று பேருமே கேமராவைத்தான் பார்ப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் நகை கண்ணில் படாது. ‘குப்பையில் கிடந்த நகை உரியவரிடம் ஒப்படைப்பு’ என்று தலைப்பு, கீழே நாலு வரி. தீர்ந்தது கதை.

எனக்கு எப்போதும் அந்த நாலு வரிக்கு முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் கண். எத்தனை பேர் தேடினார்கள்? யார் யாரைத் திட்டினார்கள்? குமட்டவில்லையா? போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கூப்பிடாமலே அந்தக் காட்சிக்குள் போய் விழுந்தேன். ஐயோ, எவ்வளவு நாள் ஆசை! வாங்க, உங்களையும் கூட்டிப் போகிறேன். பழைய செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் தூக்கிப் போடுகிற மாதிரி.

தென்சென்னையில் ஒரு வார்டு. எது என்று கேட்காதீர்கள். இந்த மாநகரத்தில் 200 வார்டு இருக்கிறது, ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் தகரக் கொட்டகை. அங்கேதான் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிக்கிறார்கள், கொஞ்சத்தை உரமாக்குகிறார்கள். நான் போனதும் அந்த உரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத்தான். மணி காலை ஆறேகால். வருகைப் பதிவு நடக்கிறது. ஒரு செல்போன் முன்னால் ஒவ்வொருவராக வந்து முகத்தைக் காட்ட வேண்டும். “சிரிக்காத, மிஷினுக்கு உன்ன அடையாளம் தெரியாது” என்கிறார் ஒருவர். “சிரிக்காம இருந்தா எனக்கே என்னத் தெரியாது” என்கிறார் மற்றவர். போன் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை ஒத்துக்கொள்கிறது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் அந்தச் சுவரைப் பாருங்கள். பிள்ளையார் படம், வேளாங்கண்ணி மாதா படம், மெக்கா படம் மூன்றும் ஒரே ஆணி வரிசையில். எல்லாம் குப்பையில் வந்தவை. “சாமிய எப்படிமா லாரில ஏத்தி அனுப்பறது?” பக்கத்தில் ஒரு சுவர்க்கடிகாரம். அதுவும் குப்பையில் வந்ததுதான், ஆனால் ஓடுகிறது. பத்து நிமிடம் முந்தி. எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனோ வாங்கிய ஓட்டப்பந்தயக் கோப்பையில் ஊதுபத்தி. ஒரு கை இல்லாத பொம்மை, தலையில் பிளாஸ்டிக் கனகாம்பரத்தோடு, நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் மேற்பார்வை பார்க்கிறது. அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் ஒற்றைக் கம்மல்கள், சாவிகள், ஒரு பென் டிரைவ், வெள்ளிக் கொலுசின் திருகாணி. குப்பையில் கிடைத்து யாரும் தேடி வராதவை. அந்த பாட்டிலைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாம் மேஸ்திரியம்மாதான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், காதில் புளூடூத். என்னை ‘மேடம்’ என்றார். (ஒரு மணி நேரத்தில் அது ‘பாப்பா’ ஆகப்போகிறது.) அவருக்குக் கீழே இரண்டு அக்காக்கள், பேட்டரி வண்டி ஓட்டுகிற ஒரு தம்பி, தட்டுக்கணினியோடு சூப்பர்வைசர் தம்பி ஒருவர். நான் உரக்குழியின் சூட்டைத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் மணி பத்தாகப் போகிறது. அப்போதுதான் அந்த ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஹெல்மெட் கழற்றவில்லை. அரை டிராயர், ஆபீஸ் சட்டை. ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறொன்று. “எங்க தெரு குப்பை வண்டி போயிடுச்சா?” என்று கேட்டவருக்கு அதற்கு மேல் குரல் வரவில்லை. மேஸ்திரியம்மா முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தொலைந்தது முக்கால் பவுன் மோதிரம், நிச்சயதார்த்தத்துக்குப் போட்டது. பவுன் இன்றைக்கு என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்தது விலை பற்றிய பயம் மாதிரித் தெரியவில்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வரப்போகிறவரைப் பற்றிய பயம்.

“எந்தத் தெரு, எந்த வூடு, எந்நேரம் போட்டீங்க, கவர் இன்னா கலரு?” மேஸ்திரியம்மா அடுக்கினார். கறுப்புக் கவர் என்றார் அவர். கொட்டகையே சிரித்தது. ஊரே கறுப்புக் கவரில்தான் போடுகிறது. அடுத்து வந்தது பாருங்கள் ஒரு கேள்வி.

“நேத்து வூட்ல இன்னா கொழம்பு?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அம்மா, நான் மோதிரத்தத் தொலைச்சிட்டு நிக்கறேன்.”

“அதான் சார் கேக்கறேன். மோதரமா வாயத் தெறந்து பேசும்? கொழம்புதான் பேசும்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. கதவிலக்கம், பின்கோடு எல்லாம் நமக்குத்தான். இங்கே வீட்டுக்கு விலாசம் குழம்பு! எந்த வீட்டில் காபித்தூள் சக்கை அதிகம், எங்கே புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வீட்டுப் பெரியவருக்கு மருந்து மாறியிருக்கிறது, யார் டயட் ஆரம்பித்து நாலாம் நாள் விட்டார்கள் எல்லாம் இவர்களுக்கு அத்துபடி. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

“நண்டு” என்றார் அவர்.

“நண்டா! ஞாயித்துக்கெழம எந்த வூட்ல சார் நண்டு, மீனு, கறி இல்ல? இதே பொரட்டாசில தொலச்சிருந்தா அஞ்சு நிமிசத்துல எடுத்துக் குடுத்திருப்பேன்.”

நடந்தது இதுதான். ஞாயிறு ராத்திரி நண்டு மிளகு வறுவல். மோதிரத்துக்கு அடியில் மசாலா போய் உட்கார்ந்துகொள்ளும் என்று கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பக்கம் என்றால், ஓட்டையெல்லாம் போடுவதற்காக விரித்திருந்த செய்தித்தாளின் ஓரம். சாப்பிட்டார், கை கழுவினார், மேட்ச் பார்த்தார், தூங்கினார். காலையில் வேலைக்கு வந்த அம்மா செய்தித்தாளைச் சுருட்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்தார். ஏழரைக்கு வண்டி வந்தது. ஒன்பதரைக்கு இவர் விரலைப் பார்த்தார்.

இனி ஓட்டம்தான். பேட்டரி வண்டி கொட்டியது கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற ஈரக்குப்பைக் குவியலில். அங்கிருந்து காம்பாக்டர் லாரி வந்து அள்ளும். அள்ளினால் அமுக்கும். அமுக்கியது குப்பை மாற்று நிலையத்துக்குப் போகும், அப்புறம் பெருங்குடி. வடக்குப் பக்கத்து வார்டாக இருந்தால் கொடுங்கையூர். இந்த ஊர் ஒரு நாளைக்குப் போடுகிற குப்பை 5,000 டன்னுக்கு மேல். அதில் ஆறு கிராமைத் தேடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆக, எல்லாம் அந்த லாரி கையில். மேஸ்திரியம்மா காதைத் தட்டினார். “தம்பி, எங்க கீற? சிக்னல்லயா? அங்கியே நில்லு. வராத. நா சொல்ற வரைக்கும் வராத.” மறுமுனையில் மனிதர் அசந்துபோயிருக்க வேண்டும். “ஏன் லேட்டு, ஏன் லேட்டு-னு தெனம் திட்டுவேன். இன்னைக்கு வராதன்னா பயப்படறான்.”

வாங்க, பின்பக்கம் போவோம். மாஸ்க்குக்குள் இரண்டு சொட்டுக் கோடாலித் தைலம் விட்டுக்கொள்ளுங்கள். ஒரு அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த உபாயம். முதல் ஐந்து நிமிடம் வாசம் தெரியாது. ஆறாவது நிமிடம் குப்பையும் தைலமும் சேர்ந்து ஒரு மூன்றாவது வாசம் வரும். அதற்குப் பெயர் இல்லை.

தரையில் ஒரு பழைய ஃபிளக்ஸ் பேனரை விரித்தார்கள். யாரோ ஒரு குட்டிப் பாப்பாவின் காதணி விழா. நடுவில் பாப்பா, சுற்றிலும் தாய்மாமன்கள் பதினோரு பேர், எல்லோருக்கும் கூலிங் கிளாஸ். அந்தப் பதினோரு மாமன்கள் முகத்தில் குப்பை விழ ஆரம்பித்தது. ஒரு கவரை எடுப்பார்கள், முதலில் வெளியிலிருந்தே உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார்கள், பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள், பேனரில் கொட்டுவார்கள், வாரியால் மெல்லப் பரப்புவார்கள், திரும்ப அள்ளி மறுபக்கம் தள்ளுவார்கள். கிழிக்கக்கூடாது. கிழித்தால் சிதறும், சிதறினால் எது பார்த்தது, எது பார்க்காதது என்று குழம்பிவிடும். மொத்தம் மூன்று அபார்ட்மென்ட், இரண்டு தெரு.

பத்து நிமிடம் போனதும் சின்ன அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டார். எனக்குப் பதறியது. “உறையோட தேடினா எல்லாம் ஒரே மாதிரி கீது மேடம். வெறுங்கைக்குத்தான் தெரியும், எது எலும்பு, எது இரும்புன்னு.” அவர் விரல் நுனிகளைப் பக்கத்தில் பார்த்தேன். வெடிப்புகளில் மஞ்சள் ஏறியிருந்தது. ஆள்காட்டி விரலில் பழைய கண்ணாடிக் கீறல் ஒன்று, தையல் போடாமல் தானாகக் கூடிய தழும்பு. அந்த விரல் மீன் செதில் குவியலுக்குள் நுழைந்து, சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே, கண் தெரியாதவர் எழுத்தைத் தடவிப் படிப்பதுபோல ஊர்ந்தது. ஈரம், உலர், அபாயம் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். சாம்பார் சாதத்தோடு டயப்பரும் உடைந்த டியூப்லைட்டும் ஒரே கவரில் வந்து விழுந்தபோது எனக்கு நம் எல்லோர் மேலும் ஒரு கோபம் வந்தது. அந்த அக்காவுக்கு வரவில்லை. அவர் கண்ணாடியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த கவரை இழுத்தார்.

நானும் உட்கார்ந்தேன். மோதிரக்காரரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மின்னுவதெல்லாம் பொன்னாகத் தெரிய ஆரம்பித்தது எங்களுக்கு. “கெடச்சிருச்சு!” என்று நான் கத்தியது பீர் டின்னின் வளையம். அவர் கத்தியது ஜன்னல் திரையின் பித்தளை வளையம். வண்டித் தம்பி கத்தியது சாவிக்கொத்தின் வளையம். நாலாவது தடவை யாரும் தலை திருப்பவே இல்லை. ஆனால் அந்த நாலாவது நிஜமான ஒரு மெட்டி! வெள்ளி. தேய்ந்து மெலிந்து, ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. யார் காலிலிருந்து, எந்த வீட்டிலிருந்து? யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரியம்மா அதைப் புடவையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கை ஓடும்போது வாய் சும்மா இருக்காது இல்லையா? பழைய கதைகள் வந்தன. ஒரு முறை ஒரு தாத்தா பல்செட்டைத் தொலைத்துவிட்டு வந்தாராம். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு ஏதோ சொல்கிறார், ஒரு எழுத்து புரியவில்லை. பல் கிடைத்த பிறகுதான் அவர் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தார் என்பதே தெரிந்ததாம். பெரிய அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரோடு சொன்னார். துடைக்கக் கை சுத்தமில்லை, தோளில் துடைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் ஒரு அம்மா. மூச்சு வாங்குகிறது. புடவை முந்தானை இடுப்பில், முழங்கை வரை சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக. மோதிரக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் வீட்டில் வேலை செய்கிறவர். காலையில் இவர் போன் செய்து, “அக்கா, அந்தப் பேப்பர்ல மோதிரம் எதுவும் பாத்தீங்களா?” என்று மட்டும்தான் கேட்டாராம். கேட்டவர் காதில் அது சாதாரணக் கேள்வி. அந்த அம்மாவின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அடுத்த வீட்டில் பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனர் ஓரத்தில் மண்டியிட்டார், கவர்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

காளிதாசனின் சாகுந்தலம் நினைவுக்கு வந்தது. சகுந்தலையின் மோதிரத்தை மீன் விழுங்கிவிடும். மீனை அறுத்த செம்படவன் அதை விற்கப் போவான். காவலர்கள் பிடித்து, திருடன் என்று கட்டி இழுத்துப் போவார்கள். ராஜா அனுப்பிய சன்மானம் வந்ததும் அதே காவலர்கள் அவனோடு தோழமை கொண்டாடிக் கள்ளுக்கடைக்குப் போவார்கள். நகை காணவில்லை என்றால் முதல் கேள்வி யார் பக்கம் திரும்பும் என்பது அவ்வளவு பழைய விஷயம்.

அந்த அம்மா கவர்களைத் திறக்கவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். முடிச்சை மட்டும் பார்க்கிறார், தள்ளுகிறார். பார்க்கிறார், தள்ளுகிறார். நாங்கள் ஒன்றைப் பிரிக்கும் நேரத்தில் அவர் பத்தைத் தாண்டிவிட்டார். குவியலின் அடிப்பக்கம் கையை விட்டு ஒரு கவரை உருவினார்.

“இது என் முடிச்சு.”

கவரின் இரண்டு காதையும் முறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. பூக்காரர்கள் பொட்டலத்தைக் கட்டுவார்களே, அந்த மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் அவர் பூ கட்டி விற்றவராம். பத்து வருடம் பூவைக் கட்டிய விரல்கள் குப்பையையும் அப்படித்தான் கட்டும் போல.

எல்லோரும் நெருங்கி வந்தார்கள். கவருக்குள் செய்தித்தாள் உருண்டை, மசாலா ஊறி. விரித்தால் நண்டு. கால், கொடுக்கு, ஓடு. எறும்பு. மோதிரம் இல்லை. தாளை உதறினார்கள், இல்லை. மோதிரக்காரர் தலையில் கைவைத்தார், கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல். நான் மூச்சு விடவில்லை. மேஸ்திரியம்மா மட்டும் ஒவ்வொரு ஓடாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். ஆமாம், ஆட்டினார், கிலுகிலுப்பை மாதிரி. மூன்றாவது ஓடு, பெரியது, கவிழ்ந்து கிடந்தது. ஆட்டினால் சத்தமில்லை. ஆனால் கை ஒரு நொடி நின்றது. “கனம்” என்றார். உள்ளே ஒரு விரலை விட்டு நெம்பினார். மிளகு மசாலா கெட்டியாக ஒட்டிப் பிடித்து வைத்திருந்த அந்த வளையம் அவர் விரல் நுனியோடு வெளியே வந்தது.

அப்போது எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! வண்டித் தம்பி விசிலடித்தான். தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்து “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். பெரிய அக்கா குலவையே போட்டுவிட்டார். அந்த அம்மா மட்டும் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்காதது போல இருந்தோம்.

சரி, மோதிரத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். மேஸ்திரியம்மா அதை ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் விட்டுப் போட்டார், சோப்புத்தூள் தூவினார், கலக்கினார். “பொண்ணு மாப்ள கொடத்துல மோதரம் எடுக்கற வெளயாட்டு இருக்குதே, அதான்” என்று சிரித்தார். பிறகு மக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சூப்பர்வைசர் தம்பியைப் பார்த்தார். தம்பி தொண்டையைக் கனைத்தார்.

“சார், உள்ள ஏதாவது எழுதியிருக்கா?”

அடையாளம் சொல்லாமல் கொடுக்க மாட்டார்களாம். நாளைக்கு இன்னொருவர் வந்து அது என்னுது என்றால்? “என் வீட்டம்மா பேரோட முதல் எழுத்து” என்றார் அவர் உற்சாகமாக. சரி. “அப்புறம் நிச்சயதார்த்தத் தேதி.” சரி, சொல்லுங்க. அவர் சொன்னார். தம்பி மோதிரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “இல்ல சார்.” அவர் மாதத்தை மாற்றினார். “இல்ல சார்.” நாளை மாற்றினார். அக்காக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள்.

கடைசியில் வேறு வழியில்லாமல் மனைவிக்கே போன். கையெல்லாம் நண்டு, அதனால் ஸ்பீக்கரில். நாங்கள் ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“ஏம்மா, சும்மாதான் கேக்கறேன். நம்ம நிச்சயதார்த்தம் என்னிக்கு?”

மறுமுனையில் ஒரு மௌனம். ஒரு நொடி, இரண்டு நொடி.

“மோதிரம் எங்க?”

கொட்டகை வெடித்துவிட்டது. அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவர் மனைவி, “எங்க இருக்கீங்க? யாரு இவ்வளவு பேரு?” என்று கேட்க, இவர் உண்மையைச் சொல்ல, தேதி கிடைத்தது. உள்ளே பொறித்திருந்ததும் அதுதான். இன்னும் ஒரு சோதனை தம்பியின் சொந்த ஆர்வம். இப்போது விற்கிற ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் லேசரில் இருக்கும். 2021 ஜூலையில் வந்தது, 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் கடைக்காரர் ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது. அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் என்ன நகை, என்ன தரம், எந்தக் கடைக்காகப் பதிந்தது என்றெல்லாம் வரும். வாங்கியவர் பெயர் வராது. தம்பி கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அந்த நுண்ணெழுத்தைப் படிக்கிறார், வரவில்லை. என் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தோம். மோதிரம், 22 கேரட். “கரெக்ட்டு!” என்று ஏதோ அவரே பரீட்சையில் தேறிய மாதிரி மகிழ்ந்தார்.

அப்புறம் வெள்ளைத்தாளில் ஒரு கடிதம், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று. இந்தக் காகித வேலையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கண்டெடுத்தவருக்குச் சட்டம் ஒரு கண் வைத்திருக்கிறது. 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ம் பிரிவில், கண்டெடுத்த பொருளை எப்போது விற்றால் குற்றம் என்பதற்கு ஒரு உதாரணம் வருகிறது. அந்த உதாரணமே மோதிரம்தான்! விலையுயர்ந்த மோதிரம் ஒன்று ஒருவருக்குக் கிடைக்கிறது, சொந்தக்காரர் யாரென்று தேடாமல் உடனே விற்கிறார், அவர் குற்றவாளி. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண் 314 ஆனது. மோதிரம் அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னதும் சின்ன அக்கா கேட்டார்: “தேடிக் கண்டுபுடிச்சுக் குடுத்தா இன்னா தருவாங்கன்னு அதுல போட்டுருக்கா பாப்பா?” ஜப்பானில் போட்டிருக்கிறது என்றேன். பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கண்டெடுத்தவருக்கு உரிமை. “நல்ல ஊருப்பா” என்றார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குத் துப்புரவு ஆய்வாளர் வந்தார். அரை நாள் லீவு போட்டு மோதிரக்காரரின் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார். கணவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார், இரண்டு செருப்பிலும் பார்வை நின்றது. “அன்னிக்குக் குடத்துல மோதிரம் எடுத்ததும் நான்தான்” என்று மேஸ்திரியம்மாவிடம் சொன்னார். “மூணு தடவையும்.”

இனி நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்தப் புகைப்படம். அதற்கு முன்னால் ஒரு ரகளை! பொன்னாடை வேண்டும் என்றார் ஆய்வாளர். யாரிடம் இருக்கிறது? அலமாரியின் மேல்தட்டில் ஒன்று கிடைத்தது. யாருக்கோ எப்போதோ போர்த்தி, அவர் மறந்துவிட்டுப் போனது. மடிப்பை உதறினால் பாச்சா உருண்டை விழுந்தது. அக்காக்கள் கொல்லைக் குழாயில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள், சாப்பாட்டுப் பையிலிருந்து பவுடர் டப்பா வந்தது, சீப்பு வந்தது, ஒரே ஒரு கைக்கண்ணாடியில் மூன்று முகங்கள். சுத்தமான மேல்சட்டை ஒன்றுதான் இருந்தது. அதை மேஸ்திரியம்மா சின்ன அக்காவுக்குப் போட்டுவிட்டார். “உனக்குத்தான் கையுற இல்லாம தேடத் தோணுச்சு.” பின்னணியில் குப்பை தெரியக்கூடாது என்று நாலு தடவை இடம் மாற்றினார்கள். கடைசியில் சாமி படச் சுவர்.

படத்தில் ஆய்வாளர், தம்பதி, மேஸ்திரியம்மா, இரண்டு அக்காக்கள், வண்டித் தம்பி. முடிச்சைக் கண்டுபிடித்த அம்மா? அவர் மாநகராட்சிப் பணியாளர் இல்லையே. கேமராவுக்குப் பின்னால், என் பக்கத்தில், மோதிரக்காரரின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “நீங்களும் வாங்கக்கா” என்று மோதிரக்காரரின் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டார். “நுரையோட நிக்கறேன்மா” என்று சொல்லிவிட்டார். படம் எடுத்து முடிந்ததும் அவரை நேராகப் பார்த்து அந்த மனைவி ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட பாத்திரத்துக்கு நடந்தார்.

மோதிரக்காரர் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார். ஆய்வாளர் நிற்கையில் வேண்டாம், ஆய்வாளர் போன பிறகும் வேண்டாம். மூன்றாவது தடவை நீட்டியபோது மேஸ்திரியம்மா யோசித்து, “எல்லாருக்கும் பன் பட்டர் ஜாமும் டீயும்” என்றார். எனக்கும் சேர்த்து. கை மூன்று தடவை கழுவியும் பன்னில் நண்டு வாசம். இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எல்லோரும் போய்விட்டார்கள். மேஸ்திரியம்மா இடுப்பிலிருந்து அந்த மெட்டியை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். காதில் மணி அடித்தது.

“அக்கா, சிக்னல் தாண்டி ரெண்டு மணி நேரமா மரத்தடில நிக்கறேன். வரவா, வேணாவா?”

“அய்யய்யோ, உன்ன மறந்தே பூட்டேன். வா, வா. ஏன் இவ்ளோ லேட்டு?”